எதிர் வீட்டு அக்காவுக்கு எப்படித் துணை நிற்பது? ஸ்டேஷனில் ‘சேர்ந்து வாழ்கிறோம்’ என்று எழுதி வாங்கிவிட்டார்கள்

நொய்யல்காரி
திருப்பூர்ப் பக்கம் லைன் வீட்டில் இருக்கிறேன். எதிர் வீட்டு அக்காவும் நானும் ஒரே பனியன் கம்பெனியில் செக்கிங். அக்காவுக்குத் தாய் வீடு தேனிப் பக்கம், இங்கே சொந்தம் என்று யாரும் இல்லை. பையனுக்கு 13 வயது, பொண்ணு மூன்றாம் வகுப்பு. சனிக்கிழமை சம்பளம் வந்தால் அன்றைக்கு ராத்திரி சத்தம் கேட்கும். லைன் வீட்டில் எல்லாருக்கும் கேட்கும், எல்லாரும் டிவி சவுண்டை ஏற்றிக்கொள்வார்கள்.

போன மாதம் புருஷன் அடி தாங்காமல் அக்காவே என்னைக் கூட்டிக்கொண்டு மகளிர் ஸ்டேஷனுக்குப் போனார். புருஷனையும் வரவழைத்து, ரெண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். கடைசியில் வெள்ளைத்தாளில், ‘இனி குடித்துவிட்டு அடிக்க மாட்டேன், சேர்ந்து வாழ்கிறேன்’ என்று புருஷன் கையெழுத்து. அதற்குக் கீழேயே ‘நானும் வாய்ச்சண்டை போட மாட்டேன்’ என்று அக்காவிடமும் கையெழுத்து. ஒரே வாரம். மறுபடி அதே கதை.

இப்போது அக்கா என்னிடம் எதுவும் பேசுவதில்லை. ‘அந்த வீட்டுப் பக்கம் போகாதே’ என்று புருஷன் அவரிடம் சொல்லியிருக்கிறானாம். எங்கள் வீட்டுக்காரரும் ‘அடுத்தவங்க குடும்ப விஷயம், விட்டுரு’ என்கிறார். எனக்கு விட மனசு வரவில்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

கருப்புகவுன்
வக்கீலாக இருப்பதால் முதல் கேள்வி: புகார் கொடுத்தபோது சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டோம் என்று ஸ்டேஷனில் தரும் சீட்டு) வாங்கினீர்களா? வாங்கவில்லை என்றால் அந்தப் புகாரின் தேதி, யார் விசாரித்தார் என்பதையாவது எங்காவது எழுதி வையுங்கள். அந்த வெள்ளைத்தாளைப் பார்த்து நொந்துபோக வேண்டாம். ‘இனி அடிக்க மாட்டேன்’ என்று ஒருவன் கையெழுத்துப் போட்டால், இதுவரை அடித்தான் என்று அவனே எழுதிக் கொடுத்ததாக அர்த்தம். நகல் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு நடுவர் (மாஜிஸ்ட்ரேட்) முன்னால் அது நமக்குத்தான் உதவும்.

தமிழ்நாட்டில் 1992-இல் ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோது, பெண்கள் தயங்காமல் ஏறி வர ஓர் இடம் வேண்டும் என்பதுதான் எண்ணம். வந்தார்கள், அது உண்மை. ஆனால் பல இடங்களில் அது புகார் வாங்கும் இடமாக இல்லாமல் பஞ்சாயத்துப் பேசும் இடமாகிவிட்டது. குடும்பத் தகராறில் எஃப்.ஐ.ஆர். போடும் முன் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் லலிதா குமாரி தீர்ப்பு (2013) இடம் கொடுத்திருக்கிறது. அந்த இடத்தில் நின்றுகொண்டுதான் ‘பேசி அனுப்பிவிட்டோம்’ என்கிறார்கள்.

ஸ்டேஷன் மட்டுமே வழி இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி நேராகக் குற்றவியல் நடுவரிடம் மனு போடலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் சமூக நலத் துறையின் கீழ் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். அவர் நடந்ததைக் கேட்டு டி.ஐ.ஆர். (குடும்ப வன்முறை பற்றிய அறிக்கை) எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவார், காசு கிடையாது. டி.ஐ.ஆர். இல்லாமலும் நடுவர் மனுவை விசாரிக்கலாம் என்று 2022-இல் பிரபா தியாகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘அவர் லீவு, அடுத்த வாரம் வாங்க’ என்றால் காத்துக் கிடக்கத் தேவையில்லை.

நடுநிலை72
ஒரு பக்கக் கதையை மட்டும் கேட்டுவிட்டு எல்லாரும் கேஸ் போடச் சொல்கிறீர்கள். மனைவியைக் கொடுமைப்படுத்தியதாக 498ஏ பிரிவில் கேஸ் போட்டு வயசான மாமனார் மாமியார் வரை உள்ளே தள்ளிய கதை எத்தனை? குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும். ஒரு நல்ல கவுன்சலிங் போதும், பிள்ளைகள் வாழ்க்கையைப் பாருங்கள்.

கருப்புகவுன்
நடுநிலை சார், 498ஏ இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 85-வது பிரிவு. அதில் கண்மூடித்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அர்னேஷ் குமார் தீர்ப்பு 2014-லேயே வந்துவிட்டது. அதோடு நான் சொன்னது அந்தப் பிரிவே இல்லை. குடும்ப வன்முறைச் சட்டத்தில் கேட்பது ‘அடிக்காதே, வீட்டை விட்டுத் துரத்தாதே, செலவுக்குக் கொடு’ என்கிற உத்தரவு. அதை வாங்கியதற்காக யாரும் ஜெயிலுக்குப் போவதில்லை. பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ.

கவுன்சலிங் பற்றி: இந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் கவுன்சலிங்கில், அடித்ததற்கு எதிர்த்தரப்பு நியாயம் கற்பிக்க இடம் கொடுக்கக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. அந்த அக்காவிடமும் ‘வாய்ச்சண்டை போட மாட்டேன்’ என்று எழுதி வாங்கியது எந்தக் கணக்கில் சேரும்?

சகி_மாஜி
குடியை நிறுத்தினால் சரியாகும் என்பதற்கு: குடிக்கிற எல்லா ஆணும் முதலாளியையோ சூப்பர்வைசரையோ அடிப்பதில்லையே. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுத்தானே அடிக்கிறார்கள்.

நான் சில ஆண்டுகள் ஒருங்கிணைந்த சேவை மையம் ஒன்றில் வேலை பார்த்தேன் (‘சகி’ என்றால் சிலருக்குத் தெரியும்). 2015-இல் நிர்பயா நிதியில் மத்திய அரசு தொடங்கிய திட்டம் அது. ஒரே இடத்தில் மருத்துவம், போலீஸ், சட்டம், மனநல ஆலோசனை, ராத்திரி தங்க இடம் என்பது எண்ணம். 181-க்குக் கூப்பிட்டால் எந்த நேரமானாலும் எடுப்பார்கள், பக்கத்து மையத்தோடு இணைத்துவிடுவார்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் 112.

இப்போது பலர் சொல்லாத பகுதி. மையத்தில் தங்கல் பொதுவாக ஐந்து நாள்தான். அதற்கு மேல் வேண்டுமென்றால் சக்தி சதன் மாதிரி இல்லங்கள். சிறு குழந்தைகள் அம்மாவோடு இருக்கலாம், ஆனால் ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு. 13 வயதுப் பையன் என்றால் ‘அவனைத் தனியாக ஓர் இல்லத்தில் சேர்க்கலாம்’ என்ற பேச்சு வரும். அந்த ஒரு வரியைக் கேட்டதும் திரும்பி வீட்டுக்கே போன அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் பையன் எங்கே தங்குவான் என்பதை முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேனியில் பாட்டி, மாமா யாராவது?

இன்னொன்று. தயவுசெய்து ‘கிளம்பி வந்துருங்கக்கா’ என்று நெருக்காதீர்கள். வெளியேறும் நேரமும் அதை ஒட்டிய நாட்களும்தான் மிக ஆபத்தானவை. எப்போது அவன் எப்படி நடந்துகொள்வான் என்பது உங்களையும் என்னையும் விட அந்த அக்காவுக்குத்தான் தெரியும். ‘உங்களுக்கு இப்ப என்ன வேணும்’ என்று மட்டும் கேளுங்கள். கம்பெனியில் டீ டைம் இருக்கும் இல்லையா, அங்கே கேளுங்கள். வீட்டில் வேண்டாம், போனிலும் வேண்டாம்.

நைட்டூட்டி
அரசு மருத்துவமனை செவிலியர். காயத்தோடு வருபவர்களுக்கு ஏ.ஆர். போடுவோம், அதாவது விபத்துப் பதிவேட்டில் எழுதுவது. டாக்டர் ‘எப்படி ஆச்சு’ என்று கேட்பார். பின்னால் புருஷனோ மாமியாரோ நிற்பார்கள். ‘பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்’ என்று சொன்னால் அதுதான் பதிவாகும். ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் அந்தத் தாளைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டுவார். ‘கணவர் கையால் தாக்கியதாக’ என்று நோயாளி சொன்னால் அப்படியே எழுதப்படும். எந்த இடத்தில் எவ்வளவு நீளக் காயம், எத்தனை நாள் பழையது, எல்லாம் வரும்.

அதனால் கூடப் போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவரை டாக்டரிடம் தனியாகப் பேச விடச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் செய்வோம். ஏ.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், நகல் பிறகு வாங்கலாம்.

தீக்காயப் பிரிவில் இது இன்னும் கொடுமை. ‘ஸ்டவ் வெடிச்சுருச்சு’ என்று சொல்லிவிட்டு நாலு நாள் கழித்து நர்ஸ் கையைப் பிடித்து வேறு கதை சொல்வார்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையில் பி.சி.வி.சி. அமைப்பினர் இப்படிப்பட்ட பெண்களோடு வேலை செய்கிறார்கள். எல்லா ஊரிலும் அப்படி ஆட்கள் இருந்தால் எங்கள் பாதிச் சுமை குறையும்.

தையல்மெஷின்
நான் அந்த அக்கா மாதிரி இருந்தவள். இப்போது தனியாக இருக்கிறேன், பையன் பிளஸ் டூ.

பலமுறை வெளியே வந்து பலமுறை திரும்பிப் போனேன். ஒவ்வொரு தடவையும் உதவி செய்தவர்களில் ஒருவர் கழன்றுகொள்வார். ‘இவளுக்கே அக்கறை இல்லை, நமக்கு என்ன’ என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி வரை கழலாமல் இருந்தது மாடி வீட்டு அம்மா ஒருவர்தான். அவர் எனக்கு அறிவுரையே சொன்னதில்லை. என் ஆதார், பையனின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக், கல்யாண போட்டோ, தாய் வீட்டுச் சீர் நகைக்கான கடை பில், எல்லாம் ஒரு மஞ்சப்பையில் அவர் வீட்டுப் பரணில் இருந்தது. மாற்றுத் துணி ஒரு செட். திரும்பிப் போனபோதும் பையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ‘இங்கயே இருக்கட்டும்’ என்பார். கடைசியாகக் கிளம்பியபோது நான் வீட்டுக்குள் எதற்காகவும் போக வேண்டியிருக்கவில்லை.

நகை பில்லைச் சும்மா நினைக்காதீர்கள். என் புருஷன் அடகு வைத்துவிட்டார் என்றாலும் அது என் நகை என்று காட்ட அதுதான் இருந்தது.

கருப்புகவுன்
சீதனத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி நடுவரே இதே சட்டத்தில் உத்தரவிடலாம், தனி வழக்கு வேண்டாம். பில் இல்லை என்றால் நகை தெரிகிற கல்யாண போட்டோ, சீர்வரிசைப் பட்டியல், அடகுச் சீட்டு எதுவானாலும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

நொய்யல்காரி
எல்லாருக்கும் நன்றி. நேற்று டீ டைமில் ‘உங்களுக்கு என்ன வேணும்க்கா’ என்று மட்டும் கேட்டேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பெல் அடிக்கிற நேரத்தில் சொன்னார்: ‘அடி நிக்கணும். பொண்ணு பள்ளிக்கூடம் மாறக் கூடாது. அவனை ஜெயில்ல போடுறதுல எனக்கு இஷ்டம் இல்லை.’ வீட்டு அட்வான்ஸ் பணம் அக்கா சீட்டுப் போட்டுக் கட்டியது. வெளியே போனால் அதுவும் போய்விடும் என்ற பயம்.

கருப்புகவுன்
அப்படியானால் அவர் ஏன் வெளியே போக வேண்டும்? இருக்கும் வீட்டில் இருக்கும் உரிமை சட்டத்தின் 17-வது பிரிவில் இருக்கிறது, வாடகை வீடானாலும் சரி. வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் என்பது பிரச்சினை இல்லை. தேவைப்பட்டால் அவனை வெளியேறச் சொல்லியே உத்தரவு கேட்கலாம். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆர்.என்.மஞ்சுளா, கணவரை வெளியேற்றினால்தான் வீட்டில் அமைதி இருக்கும் என்றால் அப்படியே உத்தரவிட வேண்டும் என்றார்.

மனு போட்ட அன்றே, எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்கால உத்தரவு கொடுக்க 23-வது பிரிவு இருக்கிறது. முதல் வாய்தா மூன்று நாளுக்குள், முடிப்பது 60 நாளுக்குள் என்றும் சட்டத்தில் இருக்கிறது. நிஜத்தில் வழக்கு இழுக்கும், பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் இடைக்கால உத்தரவில் குறியாக இருக்கச் சொல்கிறேன். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம்: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும், 15100-இல் கேட்கலாம். இந்த வாரமே மனு போடச் சொல்வேன்.

சகி_மாஜி
இதில் மட்டும் வக்கீல் சாரோடு ஒத்துப்போக முடியாது. காகிதத்தில் உத்தரவு வந்த ராத்திரி அந்த லைன் வீட்டில் அவனோடு படுக்கப்போவது அந்த அக்கா. நோட்டீஸ் கையில் கிடைத்ததும் அவன் என்ன செய்வான்? முதலில் அன்றைக்கும் மறுநாளும் பிள்ளைகளோடு எங்கே இருப்பது என்று முடிவாகட்டும், பிறகு மனு. ஒரு வாரம் தள்ளினால் சட்டம் எங்கேயும் ஓடிவிடாது.

கருப்புகவுன்
ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ‘பிறகு’ என்பது பல வீடுகளில் வருவதே இல்லை. இடமும் மனுவும் ஒரே நாளில் என்று வைத்துக்கொள்ளலாமா? தேனிக்குப் போய்விட்டால் அங்கேயே மனு போடலாம், தற்காலிகமாகத் தங்கும் ஊர் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. பொண்ணு பள்ளிக்கூடம் பற்றி: மாற வேண்டி வந்தாலும், எட்டாம் வகுப்பு வரை டி.சி. வரத் தாமதம் என்பதைச் சொல்லிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டம்.

பெயரிலி
மன்னிக்கவும், என் பெயர் வேண்டாம். அடி மட்டும் இல்லாமல் ராத்திரி நடப்பதை எங்கே போய்ச் சொல்வது? கட்டிய புருஷன்தானே என்று போலீஸிலும் சொல்கிறார்கள், அம்மாவும் சொல்கிறார்.

நைட்டூட்டி
தங்கச்சி, கேட்டதற்கு மன்னிப்பு எதற்கு. 18 வயதுக்கு மேற்பட்ட மனைவியைக் கணவன் வற்புறுத்துவதைப் பாலியல் வல்லுறவு என்று குற்றச் சட்டம் இன்னும் சொல்லவில்லை, அந்த விலக்கு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஆனால் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 3-வது பிரிவில் பாலியல் கொடுமை என்று தனியாகவே இருக்கிறது. பாதுகாப்பு அலுவலரிடம் அதைச் சொல்லலாம், அவர் டி.ஐ.ஆரில் எழுத வேண்டும்.

மருத்துவமனைக்கு வர எஃப்.ஐ.ஆர். வேண்டியதில்லை. பாலியல் வல்லுறவுக்கு ஆளானவர்களுக்கு அரசு, தனியார் எதுவானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரத்துக்குள் வந்தால்தான் பயன், கர்ப்பத் தடுப்பு மாத்திரையை ஐந்து நாள் வரை கொடுக்கலாம். இரண்டுக்குமே சீக்கிரம் எவ்வளவோ அவ்வளவு நல்லது. இரண்டு விரல் பரிசோதனை செய்யவே கூடாது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அடுத்தடுத்துச் சொல்லியாகிவிட்டது. யாராவது செய்ய வந்தால் ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். போலீஸ் வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்: மருத்துவமனை போலீஸுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும், ஆனால் நீங்கள் மறுத்ததை எழுதிக்கொள்ள 2014-ஆம் ஆண்டின் சுகாதார அமைச்சக நெறிமுறையில் வழி இருக்கிறது. அதற்காகச் சிகிச்சையை நிறுத்த மாட்டார்கள்.

நெறியாளர்
பெயரிலி, உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறோம். மற்றவர்களுக்கு: இந்த இழையில் ஸ்டேஷன் பெயர், தெருப் பெயர், கம்பெனி பெயர் எதுவும் போட வேண்டாம். ஒரு பதிவில் இருந்த ஊர் விவரத்தை நீக்கியிருக்கிறோம். நீங்கள் படிக்கிறதை அவனும் படிக்கலாம்.

நடுநிலை72
நான் சொன்னது எல்லா இடத்திலும் பொருந்தாது என்பது சரி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர்கள் தலையிட்டால் அந்த ஆளின் கோபம் அவர்கள் மேல் திரும்பாதா? அதையும் யாராவது சொல்லுங்கள்.

சகி_மாஜி
இது நியாயமான கேள்வி. திரும்பும். அதனால்தான் நொய்யல்காரி அவனோடு நேரில் வாதாடக் கூடாது, ‘நான்தான் சொல்லிக் கொடுத்தேன்’ என்று தெரியும்படி எதுவும் செய்யக் கூடாது. சத்தம் கேட்கும்போது கதவைத் தட்டி ‘அக்கா, கொஞ்சம் சக்கரை இருக்கா’ என்று கேட்டுவிட்டு வருவதே சில ராத்திரிகளில் போதும், கை ஓங்கியவன் நிறுத்துவான். அதுவும் அவன் கையில் ஆயுதம் இல்லை என்று தெரிந்தால்தான். இருந்தால் உங்கள் வீட்டுக்குள் இருந்தே 112.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுக்க உடல், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். அந்த 14-இல் பெரும்பாலோர் போவது சொந்தக்காரர், அக்கம்பக்கத்தாரிடம். ஸ்டேஷனெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தையல்மெஷின்
நொய்யல்காரி, போனைப் பார்த்தீர்களா? என் போனில் இருந்த ஜிமெயில் என் புருஷனுடையது. நான் எங்கே போனாலும் அவருக்கு மேப்பில் தெரிந்திருக்கிறது, எனக்கு ரொம்ப நாள் தெரியாது. வாட்ஸ்அப்பில் வேறு எந்தச் சாதனம் இணைந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். 181-க்கு உங்கள் போனிலிருந்து பேசச் சொல்லுங்கள்.

தேனிக்குப் போவது ஒத்துவராது, வேலை இங்கேதான் என்றால் தோழி விடுதி மாதிரி வேலை பார்க்கும் பெண்கள் விடுதியையும் விசாரியுங்கள். பிள்ளைகளோடு சேர்ப்பார்களா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

நொய்யல்காரி
போனில் நீங்கள் சொன்னபடியேதான் இருந்தது, அவன் ஜிமெயில். இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறோம். திடீரென்று மாற்றினால் சந்தேகப்படுவான் என்று அக்காவே சொன்னார். என் போனில் 181-க்குப் பேசினோம். அக்காதான் பேசினார், நான் வெளியே நின்றேன்.

தேனி மாமாவிடம் பையனைப் பரீட்சை லீவுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அவன் போனபின் மீதியை யோசிக்கலாம் என்கிறார். தையல்மெஷின் சொன்ன மாதிரிப் பை எங்கள் வீட்டில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம். மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயும் சம்பளமும் அக்காவின் கணக்கில்தான் வருகிறது, ஆனால் ஏ.டி.எம். கார்டு அவனிடம். கணக்கில் கொடுத்திருக்கும் போன் நம்பரும் அவனுடையது. சனிக்கிழமை அரை நாள் பர்மிஷன் போட்டு பேங்குக்குப் போய்க் கார்டை பிளாக் செய்யலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

சகி_மாஜி
வரிசையை மாற்றுங்கள். கார்டை முதலில் பிளாக் செய்தால் அவன் நம்பருக்குத்தான் மெசேஜ் போகும், நீங்கள் பேங்கை விட்டு இறங்குவதற்குள் வாசலில் நிற்பான். நம்பரை மாற்றினாலும் பழைய நம்பருக்கு ஒரு தகவல் போகலாம். பையன் தேனிக்குப் போகும் வரை அந்தக் கணக்கைத் தொடவே வேண்டாம். இப்போதைக்கு அக்கா பெயரில் போஸ்ட் ஆபீஸிலோ வேறு பேங்கிலோ உங்கள் நம்பர் கொடுத்துப் புதுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள், கிளம்புகிற வாரம் கம்பெனியில் சொல்லிச் சம்பளத்தை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். அப்புறம், வருகிற சனி இரண்டாவது சனி, பேங்க் லீவு. வெள்ளிக்கிழமை பர்மிஷன் கேளுங்கள்.